எஞ்சினுக்கா, ஏழையின் குடலுக்கா?

கோவையில் பலகாரக் கடைகளின் வாயிலிலே திருஷ்டிப் பூசணி தொங்குகிறது. கண்ணேறு கழியுமாம்! சட்டியிலே கருகிய எண்ணெயின் கேட்டை எந்தப் பூசணி கழிக்கும்?

திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் விளையும் சிதைவுப் பொருள்கள் நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெய் உணவுக்காகாது என்று 2018-இல் விதி வந்தது. அதனைத் திரட்டி டீசலாக்கும் திட்டமும் அவ்வாண்டே வந்தது. பாராட்டுகிறோம். ஆனால், 2019 மார்ச் முதல் கணக்கெழுதும் கடமை நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்போருக்கு மட்டுமே! கணபதிப் பட்டறையில் இரவு வேலை முடித்த தொழிலாளி வடை தின்னும் தள்ளுவண்டி அக்கணக்கிலே இல்லை. பெரிய உணவகம் கழித்த எண்ணெய் மலிவு விலைக்கு இறங்கினால், எஞ்சினுக்குரியது ஏழையின் குடலுக்குப் போகிறது.

வண்டிக்காரனுக்கு அபராதம் விதித்ததோடு ஆய்வாளர் வேலை முடிந்ததா? விற்றவர் யாரென்று கேட்கட்டும். வெள்ளிதோறும் பூசணிக்குக் கற்பூரம் காட்டும் முதலாளி, எண்ணெய்க் கணக்கேட்டையும் காட்டட்டும்!