‘சோல்டரிங் இஸ் ஈஸி’: ஒரு சித்திரக் கையேடும் நம் வழிமுறை எழுத்தும்

ரோபோட்டிக் கழகம், புத்தாக்கப் போட்டி என்று வந்துவிட்டால் தமிழாசிரியரையும் பொறுப்பாசிரியர் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். சேர்த்த பிறகு, மாணவர் கையில் இருக்கும் வழிகாட்டித் தாளை நாமும் படித்துத்தான் ஆக வேண்டும். அப்படிப் படிக்கக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும்: ‘அ’வை ‘ஆ’வில் பொருத்துக, சூடாக்குக, குளிர விடுக. கிட்டத்தட்ட நம் மாணவர் எழுதும் வழிமுறைக் கட்டுரை மாதிரியேதான்.

இதிலிருந்து மாறுபட்ட ஒன்று ‘சோல்டரிங் இஸ் ஈஸி’ என்ற ஆங்கிலச் சித்திரக் கையேடு. 2011இல் வெளிவந்தது. எழுதியவர் மிட்ச் ஆல்ட்மன். ஊர் ஊராகப் போய்ப் புதியவர்களுக்கு சோல்டரிங் சொல்லிக்கொடுப்பவர் என்று பெயர் பெற்றவர். படங்கள் ஆண்டி நோர்ட்கிரன், பக்க அமைப்பு ஜெஃப் கீசர். சில பக்கங்கள்தான். யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம் என்று உரிமத்தைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். அதனால்தான் இதைத் தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டும் என்கிறேன். நாளைக்கே நம்மில் ஒருவர் இதைத் தமிழாக்கலாம். ஆக்கும் முன், பிரதி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவோமே.

முதலில் அதன் பலம். சோல்டரிங் கற்பவர் எல்லாருக்கும் கை தானாகப் போவது ஒரு பக்கம். போக வேண்டியது வேறு பக்கம். சோல்டர் கம்பியைச் சூடான முனையில் உருக்கி, அந்தச் சொட்டைத் தூக்கிக்கொண்டு போய் இணைப்பின் மேல் தடவத்தான் தோன்றும். பசை ஒட்டிப் பழகிய கை அல்லவா! ஆனால் செய்ய வேண்டியது அதுவல்ல. முனையை இணைப்பில் வைத்து, பலகையிலுள்ள செம்பு வளையத்தையும் மின்தடையின் காலையும் ஒரே சமயத்தில் சூடாக்க வேண்டும். சூடானதும் கம்பியை இணைப்பில் தொட வேண்டும். அது உருகி ஓடிப் பரவியதும் முதலில் கம்பியை எடுக்க வேண்டும், பிறகுதான் முனையை. எல்லாம் சில விநாடிக் கதை. கையேடு இந்த வரிசையை ஒவ்வொரு கட்டமாக வரைந்து காட்டுகிறது. எது முதலில், எது பிறகு என்பதில் வாசகருக்குக் குழப்பமே வராது.

அதைவிட முக்கியமானது, தவறான இணைப்பு எப்படி இருக்கும் என்று படம் போட்டுக் காட்டுவது. இதைத்தான் நம் வழிமுறைக் கட்டுரைகளில் நான் தேடித் தேடிப் பார்க்கிறேன், கிடைப்பதில்லை. மாணவர் “பிறகு நன்கு கலக்க வேண்டும்” என்று எழுதுவார். நன்கு என்றால் எவ்வளவு? கலந்துவிட்டது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? கட்டளை இருக்கும், அடையாளம் இருக்காது. பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் தனியாகச் செய்துபார்க்கிற பிள்ளைக்கு அடையாளம்தான் ஆசிரியர். அது இல்லாவிட்டால், விளக்கு எரியவில்லை என்றதும் “எனக்கு இதெல்லாம் வராது சார்” என்று சாமானை ஒதுக்கி வைத்துவிடும். குறை தாளில் இருந்தாலும் பழி பிள்ளை மேல்தான் விழுகிறது.

இனி எனக்கு உடன்பாடில்லாத இடங்கள்.

தலைப்பிலேயே தொடங்குகிறேன். ‘ஈஸி’ என்ற சொல் தைரியம் சொல்லத்தான் வைக்கப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் சுலபம் என்று சொன்ன ஒன்று வரவில்லை என்றால் கற்பவர் மனம் என்னவாகும்? கஷ்டமானது வராமல் போனால் வருத்தம். சுலபமானது வராமல் போனால் அவமானம். முதல் பத்து இணைப்பு கோணல்மாணலாகத்தான் வரும் என்று தலைப்புக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

அடுத்தது ஏன் என்ற கேள்வி. வரிசையைத் தெளிவாகச் சொல்லும் கையேடு, அந்த வரிசைக்கான முழுக் காரணத்துக்கு அதிக இடம் ஒதுக்கவில்லை. சோல்டர் கம்பியின் நடுவே ஃபிளக்ஸ் என்ற குங்கிலிய வகைப் பொருள் இருக்கிறது. உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடை நீக்கி, சோல்டர் பிடிப்பதற்கு வழி செய்வது அதன் வேலை. முனையிலேயே உருக்கித் தூக்கிப் போனால், இணைப்புக்குப் போய்ச் சேரும் முன்பே ஃபிளக்ஸ் புகையாகப் போய்விடும். அப்புறம் சோல்டர் ஒட்டியது போலத் தெரியும், ஒட்டியிருக்காது. இந்தக் காரணம் தெரிந்த மாணவருக்கு வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. படக்கதையின் சில பக்கங்களில் எல்லாவற்றையும் எதிர்பார்க்க முடியாது என்பதும் உண்மைதான்.

‘பளபளப்பாக இருந்தால் நல்ல இணைப்பு’ என்று கிட் தாள்களும் பழைய நூல்களும் சொல்லும் விதியும் சிக்கலானது. காரீயம் கலந்த சோல்டருக்கு அது பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் மின்சாதனங்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு, காரீயம் இல்லாத சோல்டர் எங்கும் பரவிவிட்டது. அதில் நல்ல இணைப்பே கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். உருகும் வெப்பமும் கூடுதல்: பழையது சுமார் 183 முதல் 190 பாகைக்குள் உருகும், இது 217 பாகைக்கு மேல். பள்ளியில் புதிய கம்பியை வைத்துக்கொண்டு பழைய விதியைப் படிக்கும் மாணவர், நல்ல இணைப்பையே திரும்பத் திரும்பச் சுட்டுப் பலகையின் செம்பைப் பெயர்த்துவிடுவார். பளபளப்பை விட்டுவிட்டு வடிவத்தைப் பார்க்கச் சொல்லலாம். சோல்டர் வளையம் முழுதும் பரவி, காலைச் சுற்றிச் சரிவாக ஏறியிருக்க வேண்டும். உருண்டையாக மேலே உட்கார்ந்திருக்கக் கூடாது.

பாதுகாப்பைப் பற்றிய பகுதியில் நகைச்சுவை நன்றாகவே இருக்கிறது. முனையைத் தொட்டால் கை தானாக விட்டுவிடும் என்பது போல ஒரு கிண்டல். பெரியவர்கள் சிரிப்பார்கள். 350 பாகைச் சூட்டில் முனையை வைத்துக்கொண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் முப்பது பேரைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியருக்குச் சிரிப்பு வராது. வேலை முடிந்ததும் கை கழுவச் சொல்வதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காரீயம் உடலுக்குள் போகும் வழி பெரும்பாலும் விரலும் வாயும்தான். கண்ணைக் கரிக்கிற புகை முக்கியமாக ஃபிளக்ஸிலிருந்து வருவது. அதையும் மூச்சில் இழுக்காமல் இருப்பது நல்லது.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நூல் சார்ல்ஸ் பிளாட் எழுதி 2009இல் வந்த ‘மேக்: எலெக்ட்ரானிக்ஸ்’. அது சோல்டரிங்கை முதலில் வைப்பதே இல்லை. பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்ப்பது, எல்.இ.டி.யை வேண்டுமென்றே கருக்குவது என்று தொடங்கி, கிளிப் கம்பிகளால் பல சோதனைகள் செய்த பிறகுதான் சூடான முனை கைக்கு வருகிறது. கெடுத்துப் பார்த்துக் கற்றுக்கொள் என்பது அதன் கட்சி. கைத்திறன் ஒன்றை மட்டும் ஒரு மாலையில் கற்க ஆல்ட்மன் போதும். மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று புரிய பிளாட்தான். நான் வகுப்புக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் பிளாட்டின் வரிசையை எடுத்து, ஆல்ட்மனின் படங்களை அதில் செருகுவேன்.

மொழிபெயர்ப்புக்கு வருவோம். ‘சோல்டர்’ என்பதை ‘ஈயம்’ என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. தமிழில் வெள்ளீயம் உண்டு, காரீயம் உண்டு. இரண்டும் வேறு வேறு உலோகம். 60/40 கம்பியில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். நஞ்சு காரீயத்தில். வெறும் ‘ஈயம்’ என்றால் ஆபத்து எதில் என்பது மறைந்துபோகும். காரீயம் இல்லாத கம்பியை ‘ஈயமில்லாத ஈயம்’ என்று எழுத வேண்டிய கூத்தும் வரும். முனையின் மேல் மெல்லிய சோல்டர் பூச்சு வைப்பதற்கு மட்டும் ‘ஈயம் பூசுதல்’ அழகாகப் பொருந்துகிறது; பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்த வேலையும் அதேதான்.

சோல்டருக்கே நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: பற்றாசு. யாப்பு படிக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்கணும். இரண்டு குறள் வெண்பாக்களைத் தனிச்சொல்லோடு இணைத்து நேரிசை வெண்பாவாக்கும்போது ஓசை பொருந்தாமல் விட்டிசைத்தால், முதல் குறளின் இறுதியில் ஓரிரு அசை சேர்ப்பார்கள். அந்த அசைக்குப் பெயர் ஆசு. ஒட்டாத உலோகங்களைப் பற்றாசு வைத்து ஒட்டுவதைப் போல என்று யாப்பருங்கலக்காரிகை உரை அதை விளக்குகிறது. நாம் பலரும் ‘ஆசு’ என்பதை ஒரு கலைச்சொல்லாக மட்டும் மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்துவிட்டோம். உரையாசிரியருக்கோ அது பட்டறையில் கண்ணால் பார்த்த பொருள்.

அதற்காக ‘பற்றாசுக் கோல்’ என்று பிள்ளைகளை எழுத வைக்கச் சொல்லவில்லை. ‘சோல்டரிங் அயர்ன்’ அவர்கள் வாயில் ஏற்கனவே இருக்கிறது, ‘பதேரி’ என்ற மலாய்ச் சொல்லும் தெரியும். கருவிக்கு அவர்கள் சொல்லும் பெயரே இருக்கட்டும். பொருளுக்குப் பற்றாசு, உலோகத்துக்கு வெள்ளீயம், காரீயம் என்று பிரித்து வைத்துக்கொண்டால் தமிழாக்கத்தில் பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதி அந்த ‘ஈஸி’. அதற்குச் ‘சுலபம்’ என்று போடாமல், ‘பழகினால் வரும்’ என்று போடலாம் என்பது என் கருத்து.