ஓசை இழந்த ஏடுகள்

ஓவியக் கூடத்தில் காவியம் பாடுவதைப் புதுமை என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஈரானின் நக்காலிக் கலைஞர்கள் காப்பிக் கடைகளில் ஓவியத் திரையை விரித்து, கைக்கோலால் உருவங்களைச் சுட்டி, பிர்தௌஸியின் ஷாநாமாவை நடித்துரைத்தவர்கள். நலிந்துவரும் அக்கலையை யுனெஸ்கோ 2011இல் உடனடிப் பாதுகாப்புக்குரிய கலைகளின் வரிசையில் சேர்த்தது.

மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காக 16ஆம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற ஷாநாமாச் சுவடியில் 258 ஓவியங்கள் இருந்தன. 20ஆம் நூற்றாண்டில் அதன் உடைமையாளர் அதைத் தாள் தாளாகப் பிரித்தார். 118 ஓவியங்கள் 1994இல் ஈரான் திரும்பின. வேறு பல, நியூயார்க், டொரான்டோ முதலிய நகரங்களின் அருங்காட்சியகங்களைச் சேர்ந்தன. கண்ணாடிக்குள் வண்ணத்தைக் காண்கிறோம். எந்தக் கதையின் எந்தக் கட்டம் என்று அறியாமலே கடந்து போகிறோம்.

அங்கே கதைசொல்லியை நிறுத்துவது அலங்காரமன்று. பிரிந்த சொல்லை ஓவியத்திடம் சேர்ப்பதாகும். ஆயினும், திரை ஊர்க்கூட்டத்துக்காக வரையப்பட்டது. ஏடோ கையருகே வைத்துப் பார்ப்பதற்கானது. முழங்கும் குரலும் மேடை விளக்கும் ஏட்டை வெறும் பின்சீலையாக்கிவிடும். பத்துப் பேர் சூழ்ந்து நிற்க, ஓர் ஓவியத்தின் முன், அதற்குரிய கட்டத்தை மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னால் போதும். முடிவில் கேட்டவர் கண்கள் சொன்னவரிடமே நிற்குமாயின் நிகழ்ச்சி தோற்றது. ஓவியத்திடம் திரும்புமாயின் வென்றது என்போம்.