நான்கு பாட்டு, எழுபத்தேழு நிமிடம்

வெவ்வேறு குழுக்களின் பெருந்தலைகள் கூடிப் போடும் பிராக் (புரோகிரசிவ்) ராக் ஆல்பம் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். ஆளுக்கொரு தனி ஆவர்த்தனம் வாசித்துவிட்டு, பாட்டு எங்கே என்று நம்மைத் தேடவிடுவார்கள். டிரான்ஸ்அட்லாண்டிக் குழுவின் இரண்டாவது ஆல்பமான ‘பிரிட்ஜ் அக்ராஸ் ஃபாரெவர்’ (2001) அந்தப் பயத்தைப் போக்கியது. ஆட்கள் சாதாரணப்பட்டவர்கள் அல்ல. டிரம்ஸில் ட்ரீம் தியேட்டரின் மைக் போர்ட்னாய், கீபோர்டிலும் முதன்மைக் குரலிலும் ஸ்பாக்ஸ் பியர்டின் நீல் மோர்ஸ், இருவரும் அமெரிக்கர்கள். கிதாருக்கு ஸ்வீடனிலிருந்து ஃப்ளவர் கிங்ஸின் ரோய்னே ஸ்டோல்ட், பேஸுக்கு இங்கிலாந்திலிருந்து மரிலியனின் பீட் டிரெவாவஸ்.

இத்தனை பேர் இருந்தும் முதல் பாட்டான ‘டூயல் வித் த டெவில்’ இவர்கள் யாருடைய வாத்தியத்திலும் தொடங்குவதில்லை. தந்தி வாத்தியங்களின் சோகமான ஒரு மெட்டுதான் முதலில். வயலின், வயோலா, செல்லோ மூன்றையும் வாசித்தவர் கிறிஸ் கார்மைக்கேல் என்ற ஒரே கலைஞர். ஒரே கையின் வில் மூன்று குரலில் பேசுவதால்தானோ என்னவோ, அதில் ஒரு சபைக் கச்சேரியின் மினுமினுப்பு இல்லை. வீட்டுக்குள் வாசிப்பது போன்ற நெருக்கம் இருக்கிறது. அந்த அமைதியின் மேல் குழு மொத்தமாக வந்து விழும்போது கிடைக்கும் அதிர்ச்சி, பத்தாவது முறை கேட்கும்போதும் குறைவதில்லை.

அசல் தந்தி ஒலிக்குப் பக்கத்திலேயே மெலோட்ரானின் போலித் தந்தி ஒலியையும் வைத்திருப்பதுதான் நயம். மெலோட்ரானில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு துண்டு டேப் ஓடும். அதில் பதிந்திருக்கும் வயலினோ புல்லாங்குழலோ கோரஸோ வெளியே வரும். சுமார் 8 நொடியில் டேப் தீர்ந்துவிடும், பிறகு விரலை எடுத்துத்தான் ஆகவேண்டும். சுருதி லேசாக அலையும். 1960களின் கடைசியிலும் எழுபதுகளிலும் மூடி ப்ளூஸ், கிங் கிரிம்சன், ஜெனிசிஸ் எல்லோரும் காதலித்த குறை அது. மூச்சு முட்டும் அந்தப் பனிமூட்ட ஒலியும் கார்மைக்கேலின் ஈரமான வில்லொலியும் ஒரே ஆல்பத்தில் வரும்போது, ஒன்று நினைவு போலவும் மற்றது நிகழ்வது போலவும் காதில் பிரிந்து நிற்கின்றன.

மொத்தமே நான்கு பாட்டுகள்தான். முதலாவது சுமார் 26 நிமிடம், கடைசிப் பாட்டு ‘ஸ்ட்ரேஞ்சர் இன் யுவர் சோல்’ ஏறக்குறைய 30. நீளத்தைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. உள்ளே பகுதி பகுதியாகப் பெயர் வைத்துத்தான் பிரித்திருக்கிறார்கள். முதல் பாட்டின் முதல் பகுதி ‘மதர்லெஸ் சில்ட்ரன்’. அதே பெயர் இரண்டாம் பாட்டின் கடைசிப் பகுதியில் திரும்பி வருகிறது. இரண்டாம் பாட்டின் நடுவில் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ முதல் பாகம் இருக்கிறது, இரண்டாம் பாகத்துக்கு நான்காம் பாட்டு வரைக்கும் காத்திருக்க வேண்டும். பல்லவி திரும்புவதில் நமக்கு ஒரு சுகம் உண்டே, அதை ஒரு பாட்டுக்குள் அடைக்காமல் ஆல்பம் முழுக்கப் பரப்பியிருக்கிறார்கள். ஒரு மெட்டு அடையாளம் தெரிந்து “அட, இதுவா!” என்று நாம் நிமிர்வதற்குள் தாளம் வேறாகிக் கடந்துபோயிருக்கும்.

என் நெஞ்சுக்கு நெருக்கமானது இரண்டாம் பாட்டு, ‘ஸ்வீட் சார்லட் பைக்’. சார்லட் பைக் என்பது அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் ஒரு சாலை. பீட்டில்ஸின் ‘அபே ரோடு’ இரண்டாம் பக்கத்தில் குட்டிக் குட்டிப் பாட்டுகள் கைகோத்து ஓடுமே, அந்த ஓட்டம் இங்கே அப்படியே இருக்கிறது. மேடையில் இதோடு அந்த பீட்டில்ஸ் பாட்டுகளையும் சேர்த்தே வாசித்தார்கள் என்பதால் கடனை மறைக்கும் எண்ணமும் அவர்களுக்கு இல்லை. இதில் கவனிக்க வேண்டியவர் போர்ட்னாய். ட்ரீம் தியேட்டரில் இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை உருட்டி மிரட்டுகிற மனிதர், இங்கே ரிங்கோ ஸ்டாரின் பிள்ளை மாதிரி நேர் தாளத்தில் சிரித்துக்கொண்டே போகிறார்.

டிரெவாவஸை ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். மற்ற மூவரும் இடத்தை நிரப்பத் துடிப்பவர்கள்; இவர்தான் அவர்களுக்கு அடியில் தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகிறார். மோர்ஸின் ஹாம்மண்ட் ஆர்கன் உச்சத்தில் கூவும் இடங்களில் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள், பாதிப் பாட்டு அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

குறையும் உண்டு. கடைசிப் பாட்டின் நடுவே நால்வரும் வாத்தியத் திறமையைக் காட்டும் நீளத்தில் சில நிமிடங்களைத் தயங்காமல் வெட்டியிருக்கலாம். ஆனால் அந்த ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு ‘ஸ்லைடு’ என்ற மெல்லிய பகுதி வருகிறது. எல்லாம் அடங்கி, மோர்ஸின் குரல் கிட்டத்தட்டத் தனியாக நிற்கிறது. அங்கிருந்து படிப்படியாக ஏறித்தான் முடிவின் பெருமுழக்கம். ஆல்பத்தின் தலைப்புப் பாட்டும் இதே குணம்தான்: ஐந்தரை நிமிடம், பியானோவும் குரலும் முன்னால். இரண்டு மலைகளுக்கு நடுவில் கிடக்கும் சின்னப் பாட்டு என்று பலர் தாண்டிவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் அடுத்த அரைமணி நேரத்துக்குக் காது தயாராகாது.

இந்த ஆல்பம் வந்த மறுவருடமே மோர்ஸ் தன் இறைநம்பிக்கை வழியில் போக முடிவெடுத்து, ஸ்பாக்ஸ் பியர்டையும் இந்தக் குழுவையும் விட்டு விலகினார். 2009இல் நால்வரும் மறுபடி கூடி ‘தி வேர்ல்விண்ட்’ போட்டார்கள். அது 78 நிமிடத்துக்கு ஒரே பாட்டு! மலைப்பூட்டும் வேலைதான், ஆனாலும் என் ஓட்டு 2001க்கே. அதன் சிறப்புப் பதிப்பு கிடைத்தால் கூடுதல் தட்டை விட்டுவிடாதீர்கள். ஸ்டோல்ட் கொண்டுவந்த மாதிரிப் பதிவுத் துணுக்குகளை அதில் சேர்த்திருக்கிறார்கள். எந்த மெட்டு ஸ்வீடனிலிருந்து வந்தது, எது ஸ்டூடியோவில் முளைத்தது என்று பொறுமை உள்ளவர்கள் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.