தொண்ணூற்று மூன்றும் தொண்ணூற்றைந்தும்

போதையைக் கடிந்து தமிழில் எழுதுவோர் திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையை நாடுதல் வழக்கம். அங்கே தாய் ஒருத்தி வருகிறாள், மகனின் களிப்பைக் காணப் பொறாதவளாக. பின்வந்த நாடகங்களும் கதைகளும் அவளையே அழவைத்தன. தாயே ஹெராயின் நுகர்ந்தவளாயின் அவளுக்கு இம்மரபில் இடமில்லை. ஆதலின் அவள் மறைக்கிறாள்; மறைப்பதே அவள் உயிருக்கு ஊறாகிறது.

ஃபேரர் பார்க் வட்டாரத்தை அடுத்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. தமிழ்த் தாய்மார் பலருக்கும் பழகிய இடம். பேற்றுவலி தணிக்கச் செலுத்தும் பெதிடினும் ஹெராயினும் ஓபியாய்டு என்னும் ஓரினத்தவையே என்று சொல்லத் தமிழாசிரியர் தயங்க வேண்டுவதில்லை. சூது என்னும் ஓரதிகாரம் தாண்டினால் 95ஆம் அதிகாரம், மருந்து. அதில் வள்ளுவர் பெரிதும் பேசுவது உணவின் அளவையே. அவ்வளவும் முன்னுண்டது செரித்ததா என்று நோக்கியே அமைவது. உடலைவிட்டுத் தனியே அளவென ஒன்றில்லை.

'அளவு மீறி உட்கொண்டு இறந்தாள்' என்னும் செய்தித்தாள் தொடர் இங்கேதான் பிழைபடுகிறது. கருவுற்ற காலத்தில் பல திங்கள் விட்டிருந்த உடல் பழைய தாங்குதிறனை இழந்துவிடும். முன்பு கொண்ட அதே அளவே பின்பு மூச்சை அடக்கிவிடும். அவள் மீறியது எந்த அளவை?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2012 முதல் 2014 வரை பிள்ளை பெற்ற, ஓபியாய்டுப் பழக்கமுள்ள பெண்களைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இவ்விபத்து கருவின் கடைசி மும்மாதத்தில் மிகக் குறைவு. பேற்றுக்குப்பின் 7 முதல் 12 மாதங்களில் மிக அதிகம். பேறு பார்த்தோர் விடைபெற்று, உற்றாரும் கவலை தீர்ந்திருக்கும் காலம் அது.

'இன்றே விட்டொழி' என்னும் முழக்கம் மேடைக்குப் பொருந்தலாம், கருவுற்றவளுக்குப் பொருந்தாது. திடீரென நிறுத்தியவர் மீண்டும் நாடுதல் எளிது. ஆதலின் உலக சுகாதார நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறை, மெதடோன் அல்லது புப்ரெனோர்ஃபின் கொடுத்துத் தொடர்ந்து மருத்துவம் செய்வதையே மேலாகக் கூறிற்று. சிங்கப்பூரிலோ, ஊசிவழித் தவறாக ஆளப்பட்ட புப்ரெனோர்ஃபின் 2006 ஆகஸ்டில் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருளாயிற்று. சட்டத்துக்கு அவள் அஞ்சுவது வீண் அச்சமன்று. அதனைச் சொல்லாமல் அறிவுரை மட்டும் எழுதுவது அரைகுறை எழுத்தே.

எழுத வேண்டிய செய்தி ஒன்று எஞ்சுகிறது. அடங்கும் மூச்சை மீட்கும் நலாக்சோன் கருவுற்றவளுக்கும் கொடுக்கத்தக்கதே. அதன் பயன் விரைவில் தேய்ந்து மூச்சு மீண்டும் அடங்கக்கூடும். ஆகவே அவள் கண் விழித்தாலும் 995ஐ அழைக்க வேண்டும்.