சொற்றேடலும் சொல்லாராய்ச்சியும்

சங்க இலக்கியம் பயிலும் முதுகலை மாணவர் இற்றைநாளில் ஒரு சொல்லின் ஆட்சியை அறிய விரும்பின், பெரும்பாலும் அச்சுநூலை நாடுவதில்லை; கணினியில் மின்னுரையைத் திறந்து அச்சொல்லை இட்டுத் தேடுகின்றனர். நொடிப்பொழுதில் கிடைக்கும் எண்ணிக்கை ஆய்வேட்டில் முடிபாக இடம்பெற்று விடுகின்றது. 'இச்சொல் எட்டுத்தொகையில் இத்துணை இடங்களில் பயில்கின்றது', 'இந்நூலில் இஃது யாண்டும் வந்திலது' என்னும் இருவகைத் தொடர்களையும் அடிக்கடி காண்கின்றோம். இவற்றுள் பின்னதே பெரிதும் ஆராயத்தக்கது. ஒரு சொல் இல்லாமையைக் கொண்டே நூலின் காலத்தைத் துணிவாரும் உளர்.

மின்னுரைகளின் பயனை யாம் மறுப்பேம் அல்லேம். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் விலையின்றி வழங்கி வருகின்றது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகம் கோட்டூர்புரத்திலிருந்து அரும்பணி ஆற்றுகின்றது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனும் இன்று கணினியில் தேடும் வடிவிற் கிடைக்கின்றது. குறை கருவியில் அன்று. அதனைப் பயிற்றும் முறையில் உள்ளது.

'கடல்' என்னும் சொல்லையே கொள்வோம். எழுத்துத்தொடரை அவ்வாறே ஒப்பிட்டு நோக்கும் கருவியில் புள்ளியுடன் 'கடல்' எனத் தேடின், 'கடலும்', 'கடலொடு' என்பன அகப்படா. ஆண்டு லகரம் உயிரேறி நிற்கின்றது. புள்ளியை நீக்கித் தேடினும் 'கடற்கரை' அகப்படாது. மெல்லினம் வருமொழியாயின் லகரம் னகரமாகும், கடல்மல்லை கடன்மல்லையாகும். கணினி அதனைக் கடன்பட்ட ஊராகவே கொள்ளும்! 'பொற்றொடி' என்பதன் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பொன் எனத் தேடினும் அது வாராது. தொடி எனத் தேடினும் வாராது. இரு சொற்களும் கண்முன் இருந்தும் இல்லாதனவாகி விடுகின்றன. இக்கட்டுரையின் தலைப்பும் 'தேடல்' எனத் தேடுவார்க்குக் கிடைக்காது.

இக்கருவிகள் பல, சொற்களுக்கிடையே வெளிவிட்டு எழுதும் மேனாட்டு மொழிகளை முன்வைத்து வளர்ந்தவை. ஆயினும் ஆங்கும் வெறும் எழுத்தொப்புமை போதியதாகக் கருதப்படவில்லை. அக்குவைனசு தோமாவின் இலத்தீன் நூல்களுக்கு அடைவு செய்யும் பணியை 1949இல் ஐபிஎம் நிறுவனத்தின் துணையோடு மேற்கொண்ட ரொபெர்த்தோ பூசா பாதிரியார், திரிந்த வடிவங்களையெல்லாம் அவற்றின் தலைச்சொல்லின்கீழ்க் கொணர்தற்குப் பல்லாண்டு உழைத்தார். வடமொழிக்குச் சந்தி பிரிக்கும் கருவியைப் பாரிசில் செரார் உயே அமைத்துள்ளார். புணர்ச்சியிலக்கணத்தைத் தொல்காப்பியக் காலந்தொட்டு வகுத்துவைத்த நாம், தேடும்பொழுது மட்டும் அதனை மறந்துவிடுதல் வியப்பே.

புணர்ச்சி பிரித்த பதிப்பைத் தேடின் இடர் தீருமன்றோ எனின், ஒருவாறு தீரும். 1950களில் சென்னை மர்ரே எஸ். ராசம் சங்க நூல்களைச் சொற்பிரித்து மலிவு விலையில் வெளியிட்டார். அப்பதிப்புகள் மாணவர்க்குச் செய்த உதவி பெரிது. எனினும் பிரித்தல் என்பது பொருள்கோடலே. 'வேங்கை' என்பது மரமோ விலங்கோ என்பதனைப் பாட்டைப் பயின்றவரே துணிதல் கூடும். வேங்கைப்பூ உதிர்ந்த பாறை புலியெனத் தோன்றும் என்று பாடும் புலவர் இரண்டினையும் வேண்டுமென்றே மயங்க வைக்கின்றார். அம்மயக்கத்தை எண்ணிக்கை எவ்வாறு காட்டும்?

மற்றொன்று பாடவேறுபாடு. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் தாம் கண்ட பிரதிபேதங்களைத் தம் பதிப்புகளிற் குறித்துச் சென்றார். மின்னுரைகள் பலவற்றில் மூலபாடம் மட்டுமே உண்டு. அடிக்குறிப்பு உதிர்ந்து போயிற்று. ஒரு பிரதியில் உள்ள சொல் பிறிதொன்றில் இல்லையாயின், 'யாண்டும் வந்திலது' என்று எங்ஙனம் கூறுவது? 267, 268ஆம் புறப்பாட்டுகள் கிடைத்தில. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைத்தில. இல்லாத பாடல்களில் இருந்த சொற்களைப் பற்றிக் கருவி வாய்திறவாது.

இவற்றையெல்லாம் பயிற்றுதற்குத் தென்சென்னையினும் வாய்ப்பான இடம் அரிது. கோட்டூர்புரத்தில் மின்னூலகம் உளது. அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில், ஐயர் பெயரால் 1943இல் அமைந்த நூல்நிலையத்தில் அவர் தொகுத்த சுவடிகள் உள. ஏவா வில்டன் பல சுவடிகளை ஒப்பிட்டு நற்றிணைக்கு 2008இலும் குறுந்தொகைக்கு 2010இலும் செய்த செம்பதிப்புகளைப் பிரெஞ்சு ஆய்வுப்பள்ளியுடன் இணைந்து வெளியிட்டது தியாகராய நகரிலுள்ள தமிழ்மண் பதிப்பகமே. மூன்றிடமும் சில கல் தொலைவுக்குள் அடங்கும்.

ஒரு பருவத்திற்கு நற்றிணைப் பாடல் இருபது போதும். மாணவர் தாமே அவற்றைப் பிரித்து, பாடவேறுபாடு நோக்கி, சொல்லடைவு அமைத்தல் வேண்டும். அதன்பின்னரே கணினியிற் றேடுதல் வேண்டும். இரண்டற்கும் விடை மாறுபடும் இடங்களை வகுப்பில் எடுத்துக்கொள்ளலாம். ஆய்வேடு எழுதுவோர்க்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும்: எண்ணிக்கை தருவார் எப்பதிப்பின் மின்னுரையில், எவ்வெவ் வடிவங்களை இட்டுத் தேடினார் என்பதனை அவ்வெண்ணின் அருகிலேயே குறித்தல் வேண்டும். அஃதில்லா எண்ணைத் தேர்வாளர் ஏலாது விடுக.