ஸ்கவுட் போகாத வீடு

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' மீது குறை சொன்னால், அதன் அபிமானிகள் ஒரே பதிலோடு வருகிறார்கள்: கதை சொல்வது சிறுமி, அவள் பார்வைக்கு எட்டாததை நாவலில் தேடலாமா? 2018இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில் வாசகர்கள் முதலிடம் கொடுத்த நூல் இது. அந்த மதிப்பின் நிழலில் இந்தப் பதிலும் உரசிப் பார்க்கப்படாமலே போகிறது.

அலபாமாவின் மேகோம்ப் என்னும் சிற்றூரை, அதன் புழுக்கத்தையும் ஊர்வம்பையும் லீ எழுப்பிய விதம் அருமை. நீதிமன்ற அத்தியாயங்களின் இறுக்கம் இன்றும் தளரவில்லை. 1961இல் கிடைத்த புலிட்சர் பரிசு தகுதியானதே.

ஆனால் சொல்பவள் சிறுமியல்ல. ஸ்கவுட் என்று அழைக்கப்பட்ட ஜீன் லூயிஸ் வளர்ந்தபின் தன் பிள்ளைப் பருவத்தைத் திரும்பிப் பார்க்கிறாள். அந்தப் பிள்ளைக்கும் கண் குறுகியதல்ல. வெளியே தலைகாட்டாத பூ ராட்லியின் மனத்தை எட்டிப்பிடித்து, கடைசியில் அவர் வீட்டு முன்தாழ்வாரத்தில் நின்று தெருவையே அவர் பார்வையில் பார்க்கிறாள். டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவர் தன்னை வன்புணர்ந்ததாகப் பொய்ச்சாட்சி சொன்ன வெள்ளைக்காரப் பெண் மயெல்லாவின் தனிமை அவளுக்குப் புரிகிறது. டாமைக் கொல்லத் திரண்ட கும்பலில் நின்ற கன்னிங்காமுக்குக்கூட ஒரு மனம் கிடைக்கிறது.

டாமுக்கு மட்டும் கிடைக்கவில்லை. சிறை ஜன்னலிலிருந்து ஓரிரு வார்த்தை, சாட்சிக் கூண்டில் கேட்ட கேள்விகளுக்குப் பதில், அவ்வளவுதான். பதினேழு குண்டுகள் பாய்ந்து அவர் செத்த சேதி கேட்டு மனைவி ஹெலன் மண்ணில் சரிந்ததும் நண்பன் டில் சொல்லித்தான் ஸ்கவுட்டுக்குத் தெரிகிறது. தன்னை வளர்க்கும் கறுப்பினப் பணிப்பெண் கல்பூர்னியாவுக்குத் தனியாக ஒரு வாழ்க்கை உண்டென்று தேவாலயத்துக்குப் போன அன்று அவள் கண்டுகொள்கிறாள். வீட்டுக்கு வரலாமா என்று ஆவலோடு கேட்கிறாள். எப்போது வேண்டுமானாலும் வரச் சொல்கிறார் கல்பூர்னியா. நாவல் அங்கே போகவே இல்லை.

இது பிள்ளையின் வரம்பல்ல, ஆசிரியரின் தேர்வு. 2015இல் வெளியான 'கோ செட் எ வாட்ச்மேன்' 'மாக்கிங்பேர்டு'க்கும் முன்பே, 1950களில், லீ எழுதிய கைப்பிரதி. அதில் ஜீன் லூயிஸ் முதிய கல்பூர்னியாவைத் தேடி அவர் வீட்டுக்கே போகிறாள். தான் தூக்கி வளர்த்தவளிடம், வெள்ளைக்காரர்களிடம் காட்டும் அளந்த மரியாதையோடு பேசுகிறார் கல்பூர்னியா. பதிப்பாசிரியர் டே ஹோஹாஃபின் யோசனைப்படி கதை பால்யத்துக்கு நகர்ந்தபோது அந்தச் சந்திப்பு காணாமல் போனது. அப்படி உருவான 'மாக்கிங்பேர்டி'ல், டாம் குற்றவாளி என்று தீர்ப்பான மறுநாள் காலை, கறுப்பின மக்கள் கொண்டுவந்து வைத்த உணவால், டாமுக்காக வாதாடிய ஸ்கவுட்டின் தந்தை அட்டிகஸின் சமையலறை நிறைகிறது. கோபமோ கேள்வியோ இல்லாத அந்த நன்றியின் மேல்தான் அட்டிகஸ் மாசற்ற நாயகனாக நிற்கிறார். அதைவிடக் கடினமான, உண்மையான காட்சியை லீ முன்பே எழுதி வைத்திருந்தார்.