இருபது சொற்கள்

டான் சால்வாட்டோவின் 'டோகி டோகி லிட்டரேச்சர் கிளப்' (2017) காதல் கதையாக விரியும் கணினி ஆட்டம். பள்ளி இலக்கிய வட்டம் ஒன்று, நான்கு பெண்கள். கவிதை எழுதுவதென்றால் இங்கே 20 சொற்களைப் பொறுக்குவது. சொல் பிடித்துப்போனால் அந்தப் பெண்ணின் பொம்மை துள்ளும். கதை அவள் பக்கம் கிளைக்கும். எழுதிய கவிதை நம் கண்ணில் படுவதே இல்லை. (நம் சிறுபத்திரிகைக் கவிதைகளிலும் பாதி, யார் துள்ளுவார் என்று பார்த்துப் பொறுக்கியவைதாம்.)

ஏற்காட்டில் இருந்துகொண்டு இதை ஆடினேன். ஒண்டிக்கடை ரவுண்டானாவிலிருந்து ஏரிக்குப் போனவன், திரும்பிவந்து சேர்வராயன் கோவிலுக்கும் போகலாம். ஆட்டமும் முதலில் அப்படித்தான் நம்பவைக்கிறது. சயோரி செத்த பிறகு, திரும்பிவரச் சேமித்துவைத்த இடங்கள் அழிந்துபோகின்றன.

வட்டத்தின் தலைவி மோனிகாவுக்கு மட்டும் பாதை வைக்கப்படவில்லை. ஆகவே அவள் கதாநாயகனைத் தாண்டி, ஆடுகிறவனிடமே பேசுகிறாள். எனக்குக் கேட்ட ஒரே குரல் அது. அவளுடைய கோப்பை என் கையால் அழித்தால்தான் மேலே நகரும். அந்த இடத்தில் தேர்ந்தெடுக்க வேறெதுவும் தரப்படவில்லை.